நாலாம் உறுப்பினரின் ஆட்சேபணை

காஜா என்பது கோட்டிலும் சட்டையிலும் பட்டன் நுழைகிற வாய். அதைப் போய் ஓட்டை என்று யாராவது சொல்லிவிட்டால் காஜாக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஓட்டை போடுவது எலி, காஜா எடுப்பது மனுஷி என்பாள். சாக்பீஸால் குறி வைத்து, சின்னக் கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டி, வெட்டிய வாயைச் சுற்றி முடிச்சு முடிச்சாக நூலை இறுக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு முடிச்சு தளர்ந்தாலும் பத்தாவது சலவையில் காஜா பல்லைக் காட்டிவிடும். அவள் எடுத்த காஜா இருபத்தாறு வருடத்தில் பல்லைக் காட்டியதில்லை. வேறு வேலையும் அவள் செய்ததில்லை. அதனால் அந்தக் கூடத்தில் அவளுக்குப் பெயரே காஜாக்கா என்று ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவள் வீட்டுக்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

காஜாவுக்கு மிஷின் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. சங்கத்திலும் ஒன்று வாங்கினார்கள். முதல் வாரம் அது துணியைக் கடித்தது, இரண்டாம் வாரம் மென்றது, மூன்றாம் வாரம் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டது. இப்போது அதன் தலையில் ஒரு போர்வையைப் போட்டு மூலையில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் போர்வையைப் பார்க்கும்போதெல்லாம் காஜாக்காவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இருக்காதா பின்னே?

சங்கம் என்றால் தையல் கூட்டுறவுச் சங்கம். நீளமான ஒரு கூடம், இரண்டு வரிசையாகப் பதினெட்டு மிஷின்கள், வரிசைக்கு ஒன்றாக இரண்டே மின்விசிறிகள். மருத்துவமனைகளுக்கு வெள்ளைக் கோட்டு தைப்பதுதான் முக்கியமான வேலை. கோட்டுக்கு நாலு காஜா. துணி வெட்டுகிற அம்மாள் வாசல் பக்கத்து நீள மேசையில் நிற்பாள். இஸ்திரிக்காரர் பின்கதவு ஓரம். காஜாக்கா ஜன்னலடியில், வெளிச்சம் விழுகிற இடத்தில். மிஷின்காரர்களை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லாம் நம்பர்தான். ஏழு, டீ வந்தாச்சு. பன்னிரண்டு, உன் மாமியார் போன்ல இருக்காங்க. இப்படிக் கூடமே எண்களால் பேசும். காஜாக்காவுக்கு மிஷின் இல்லை, அதனால் நம்பரும் இல்லை. ஏழாம் நம்பர் அவளுடைய சொந்த நாத்தனார். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

சங்கம் ஆரம்பித்த கதை சின்னதுதான். ஒன்பது பெண்கள், ஒரு கார் ஷெட், மூன்று மிஷின்கள். அதற்கு முன் காஜாக்கா ஒரு தையல் கடையில் இருந்தாள். முடிச்சு கோணினால் கடைக்காரர் சட்டையை அவள் முகத்திலேயே வீசுவார். அங்கிருந்து வந்தவள் கையில் ஒரு பங்குப் பத்திரத்தைக் கொடுத்து, உறுப்பினர் எண் நாலு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். விதிகளின் முதல் பக்கத்தில், உறுப்பினர்களே இந்தச் சங்கத்தின் உரிமையாளர்கள் என்று ஒரு வரி இருந்தது. அதை அவள் மூன்று தடவை படித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், கல்யாணமாகி ஆறு மாதமே ஆன புருஷனிடம், இன்றிலிருந்து நான் முதலாளி என்றாள். எத்தனை பேருக்கு என்று கேட்டார் அவர். எனக்கு என்றாள் அவள். பத்திரம் இன்னும் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

கார் ஷெட்டின் சொந்தக்காரர் ஒன்பதாவது வருடம் தலைவரானார். அதற்கப்புறம் பதினேழு வருடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாருக்காவது காய்ச்சல் என்றால் முதல் ஆளாக மாத்திரையோடு வந்து நிற்பார். ஆனால் கூடத்தில் நடப்பதெல்லாம் தன் வீட்டு விசேஷம் என்ற நினைப்பு அவருக்கு. நிர்வாகக் குழுவில் அவரைத் தவிர நாலு பேர். அந்த நாலு பேரும் மின்விசிறிக்கு அடியில் உட்காருகிறவர்கள். குழுவில் இருப்பதால் விசிறியா, விசிறியடியில் இருப்பதால் குழுவா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் நடக்கும். நாற்காலி போட்டு, மைக் வைத்து என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். தைக்கிறவர்களின் நேரம் வீணாகக் கூடாது என்ற பெரிய மனதோடு தலைவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மிஷின்கள் ஓடும்போதே கூட்டம் நடக்கும். செயலாளர் கூடத்தின் நடுவில் நின்று தீர்மானத்தைப் படிப்பார். ஆட்சேபணை உள்ளவர்கள் மிஷினை நிறுத்தலாம் என்பார் தலைவர். ஓடுகிற மிஷினெல்லாம் சம்மதம் என்று கணக்கு. பதினெட்டு மிஷின் இரைச்சலில் பாதிப் பேருக்குத் தீர்மானமே காதில் விழாது. விழுந்தவர்களுக்கும், தன் மிஷின் மட்டும் நின்றால் கூடமே திரும்பிப் பார்க்குமே என்று காலை எடுக்க மனம் வராது. ஒருதரம் தீர்மானத்தின் நடுவே ஏழாம் நம்பர் மிஷின் நின்றுவிட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் கிட்டே வந்து, என்னம்மா ஆட்சேபணை என்று கேட்டார். நூல் அறுந்துபோச்சுங்க என்றாள் நாத்தனார். அன்றைய கூட்டப் பதிவேட்டில், ஆட்சேபணை ஒன்று எழுந்து திரும்பப் பெறப்பட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

காஜாக்காவின் நிலைமைதான் இதிலெல்லாம் விசேஷம். ஊசிக்குச் சத்தம் ஏது? அவள் தைத்தாலும் ஒன்றுதான், நிறுத்தினாலும் ஒன்றுதான். பிடிக்காத தீர்மானம் வரும்போதெல்லாம் அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பதினேழு வருடத்தில் எத்தனையோ தடவை அப்படி உட்கார்ந்தாள். அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆனால் கூடத்தில் அவளுக்குத் தெரியாத விஷயமும் எதுவுமில்லை. மிஷின்காரர்கள் தைத்த கோட்டெல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். கோட்டோடு சேர்ந்து குறையும் வரும். மூன்றுக்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது, பதினாறுக்கு நூல் தரமில்லை, பதின்மூன்றுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, கோட்டு தைக்க முடியாமல் தலையணை உறை மட்டும் தைக்கிறாள், அவள் பக்கத்தில் ஒரு விளக்குப் போடச் சொன்னால் யாரும் போடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு காஜாக்கா முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாட்டின் அரசமைப்புச் சட்டத்தையே திருத்தினார்கள். செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் காஜாக்காவின் வீட்டுக்காரர். அவர் பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறவர். தினமும் மேலே போகிறேன், கீழே வருகிறேன், பதவி மட்டும் அதே மாடியில் நிற்கிறது என்று இருபது வருடமாக ஒரே ஜோக்கைச் சொல்லிவருகிறவர். டாக்டர்கள் லிஃப்டில் ஏறினால் முகத்தைப் பார்க்க மாட்டார், கோட்டைப் பார்ப்பார். உன் காஜா நாலு இன்றைக்கு எட்டாவது மாடி வரைக்கும் போச்சு என்று வந்து சொல்வார். அவர்தான் பேப்பரைப் படித்துக் காட்டினார். கூட்டுறவுச் சங்கம் அமைப்பது இனி குடிமக்களின் உரிமை. நிர்வாகக் குழுவுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள், அது முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். தேர்தலைச் சங்கத்துக்காரர்கள் நடத்தக் கூடாது, வெளியிலிருந்து ஓர் அமைப்பு வந்து ரகசிய வாக்கெடுப்பாக நடத்தும். குழுவில் பெண்களுக்கு இரண்டு இடம் கட்டாயம். சங்கத்தின் வேலையில் உண்மையாகப் பங்கெடுக்கிறவர்களுக்கே ஓட்டு.

காஜாக்கா தோசைக் கரண்டியையோ எதையோ கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாளாம். ரகசிய வாக்கா, சத்தம் வேண்டாமா என்று மட்டும் கேட்டாளாம்.

தலைவர் இதற்கெல்லாம் அசருகிற ஆளா? அரசமைப்புச் சட்டம் என்பது யானை, நம் சங்கத்து வாசல் சின்னது, உள்ளே நுழையாது என்று சொல்லிச் சிரித்தார். யானை வரவில்லை. ஒரு பழுப்பு உறைதான் வந்தது. உள்ளே மாதிரி விதிகளும், தேர்தல் தேதியும், வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் உத்தரவும் இருந்தன. கூடத்தில் ஒரே பரபரப்பு. நாத்தனார் டீ நேரத்திலேயே எல்லோரையும் கூட்டி, பெண்கள் இடத்துக்கு எங்க அண்ணிதான் நிற்கணும் என்று அறிவித்துவிட்டாள். யாரும் மறுக்கவில்லை. எல்லோருடைய குறையும் ஏற்கெனவே அந்த மேசையில்தானே இருக்கிறது?

பட்டியல் செவ்வாய்க்கிழமை ஒட்டப்பட்டது. நாத்தனார் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். ஒன்று முதல் பதினெட்டு வரை வரிசையாகப் பதினெட்டுப் பெயர்கள். பத்தொன்பது இல்லை. காஜாக்காவின் பெயர் இல்லை. துணி வெட்டுகிற அம்மாள் இல்லை, இஸ்திரிக்காரரும் இல்லை.

நடந்தது இதுதான். மாதிரி விதியில் ஒரு வரி காலியாக இருந்தது: உண்மையாகப் பங்கெடுக்கிற உறுப்பினர் யார் என்பதை அந்தந்தச் சங்கமே எழுதிக்கொள்ள வேண்டும். செயலாளர் உட்கார்ந்து யோசித்து, ஆண்டுக்கு இருநூறு உருப்படிக்குக் குறையாமல் தைத்து முடித்துக் கொடுத்தவர் என்று எழுதிவிட்டார். உருப்படிக் கணக்கு மிஷின் நம்பர் வாரியாகத்தான் எழுதுவார்கள். மிஷின் இல்லாதவர்கள் அதில் எங்கே வருவார்கள்? மனுஷன் பதினைந்து வருடமாகக் காஜாக்காவுக்கு எதிரே உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர். வேண்டுமென்று செய்யவில்லை. விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தலைவருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. காஜாக்கா தேர்தலில் நிற்கப்போவது அவர் காதுக்கும் போயிருந்தது. விதி விதிதான், நான் என்ன செய்ய முடியும் என்றார். அப்புறம் அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"உனக்கு வேலைக்கு ஒரு குறையும் வராதும்மா. உறுப்பினரா இல்லாட்டி என்ன? சம்பளத்துக்கு ஆள் வச்ச மாதிரி வச்சுக்குவோம்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சம்பளத்துக்கு ஆள் என்றால் அந்தத் தையல் கடையில் முகத்தில் சட்டை வாங்கினாளே, அதுதான். நடுவில் இருபத்தாறு வருடம் முதலாளியாக இருந்தது பொய்யாகிவிடும். வீட்டுக்காரர் லிஃப்ட் ஜோக்கைச் சொல்ல வாயெடுத்தவர், மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தர வேண்டும். வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாண்புமிகு என்று ஆரம்பித்து மூன்று பக்கம் எழுதினார். அதில் கண்ணீர் இருந்தது, மனித உரிமை இருந்தது, எட்டாவது மாடி டாக்டர் கூட இருந்தார். காஜாக்கா படித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா காஜா எங்கே என்று கேட்டாள். மூன்று பக்கத்திலும் காஜா என்ற வார்த்தையே இல்லை. அவள் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் தன் கையாலேயே எழுதினாள்: நான் காஜா எடுக்காமல் முடிந்த கோட்டு ஒன்று காட்டுங்கள். அப்புறம் என் பெயர் வேண்டாம்.

திங்கட்கிழமை காலை விசாரணைக்குத் தேர்தல் அதிகாரி வந்தார். வயிறு கொஞ்சம் முன்னால் வரும், மூக்குக் கண்ணாடி நெற்றிமேல் ஏறியிருக்கும், குடிக்க வெந்நீர்தான் கேட்பார். கூடத்தின் நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தார். காஜாக்காவின் ஒற்றை வரியை இரண்டு தடவை படித்தார். செயலாளரைப் பார்த்து, முடிந்த கோட்டு ஒன்று கொண்டுவாருங்கள் என்றார். செயலாளர் இஸ்திரி மேசைப் பக்கம் போனார். காஜா எடுத்தது வேண்டாம், அந்த அம்மா கை படாதது என்று அதிகாரி சொன்னதும், நின்று, திரும்பி, ஐந்தாம் நம்பர் மிஷினிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். கையும் காலரும் பையும் எல்லாம் கச்சிதமாக இருந்தன.

அதிகாரி எழுந்து அதைப் போட்டுக்கொண்டார். பொத்தானைப் பிடித்து இந்தப் பக்கம் தேடினார், அந்தப் பக்கம் தேடினார். நுழைக்க இடமில்லை. முன்பக்கம் இரண்டும் ஆளுக்கொரு திசையில் விலகி நிற்க, நடுவில் வயிறு வெளியே வந்து எல்லோரையும் பார்த்தது. பதினெட்டு மிஷின்காரர்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இஸ்திரிக்காரர் மட்டும் அடக்க முடியாமல் பின்கதவு வழியாக வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"இதை முடிஞ்ச கோட்டுன்னு எந்த டாக்டரும் வாங்க மாட்டாரே" என்றார் அதிகாரி.

ஆட்சேபணை ஜெயித்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்போது பார்த்துத் தலைவர் எழுந்தார். தலையணை உறை என்றார். தலையணை உறைக்குக் காஜா கிடையாது, அது காஜாக்கா கை படாமலே முடிகிறது, ஆகவே ஆட்சேபணை செல்லாது என்றார். சொன்னது உண்மைதானே? அவள் எழுதியது கோட்டு என்றுதான், ஆனால் விதியில் இருப்பது உருப்படி.

அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கினார். போன வருடம் தலையணை உறை இருநூறுக்கு மேல் தைத்தவர் யார் யார் என்று கேட்டார். செயலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, பதின்மூன்றாம் நம்பர் ஒருவர்தான் என்றார். மற்றவர்களெல்லாம் கோட்டுதான். அந்தக் கோட்டெல்லாம் காஜாக்கா முடித்தவை.

அதிகாரி விரல் விட்டு எண்ணுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். காஜா எடுப்பது வேலையில்லை என்றால் கோட்டு தைத்தவர்கள் யாருமே முடித்துக் கொடுக்கவில்லை. ஆக இந்தச் சங்கத்தில் ஒரே ஒரு வாக்காளர்தான். கூடம் முழுக்கப் பதின்மூன்றாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தது. கண் மங்கிய அந்த அம்மாள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நானே தலைவரா?"

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் வாசல் பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வருடக்கணக்காக வாயே திறக்காத, துணி வெட்டுகிற அம்மாளின் குரல்.

"அந்த உறைக்குத் துணி யாரு வெட்டிக் குடுத்தா?"

அவளும்தான் பட்டியலில் இல்லையே. அதிகாரி பேனாவை மூடி வைத்தார். இப்போது இந்தச் சங்கத்தில் உறுப்பினரே கிடையாது, தேர்தலை யாருக்கு நடத்துவது என்று தலைவரைக் கேட்டார். தலைவர் கூரையைப் பார்த்தார். அங்கே விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

உத்தரவு அங்கேயே எழுதப்பட்டது. உருப்படி முடிவதற்கு யாருடைய கை தேவையோ, அவர்கள் எல்லோரும் பங்கெடுக்கிற உறுப்பினர்கள். வெட்டுகிறவர், தைக்கிறவர், காஜா எடுக்கிறவர், இஸ்திரி போடுகிறவர். அதிகாரி பட்டியலை முதல் வரியிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தார். முதல் வரியிலேயே நின்றார். ஒன்றாம் நம்பர் மிஷின், உறுப்பினர் பெயர் தலைவருடையது. ஆனால் அந்த மிஷினில் உட்கார்ந்திருந்தது தலைவரின் தம்பி மனைவி. பாவம், அவள் தைத்ததெல்லாம் அத்தனை வருடமும் மைத்துனர் பெயரில் ஏறியிருக்கிறது. கோட்டில் உங்கள் கை எங்கே படுகிறது என்று அதிகாரி தலைவரைக் கேட்டார். நான் மேற்பார்வை பார்க்கிறேன் என்றார் தலைவர். வெறும் பார்வையில் துணியின் சுருக்கம் நிமிராது என்றார் இஸ்திரிக்காரர்.

தலைவர் பெயரை அடித்து, தம்பி மனைவியின் பெயரை எழுதினார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். தான் ஒப்புக்கொண்ட விதியே தன் தலையில் விழும் என்று அவர் நினைத்துப் பார்த்திருப்பாரா? முகம் வாடி உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கக் காஜாக்காவுக்குத் தாங்கவில்லை. அடி வாங்கியவளுக்குத்தான் வலி தெரியும். எழுந்து கிட்டே போனாள்.

"இருநூறு உருப்படிக்கு ஒரு வருஷம்தானே, தலைவரே. என் மேசையில இடம் இருக்கு. பட்டன் தைக்க வந்துடுங்க."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். எங்க அண்ணிக்கு எதிரியை ஜெயிக்கத் தெரியுது, ஜெயிச்ச பிறகு தள்ளி வைக்கத் தெரியல என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தேர்தல் அன்று காலை பத்து மணிக்கு அதிகாரி மிஷின்களை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொன்றாக நின்றது. கடைசி மிஷினும் நின்றபோது கூடம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பகல் நேரத்தில் அந்தக் கூடம் அப்படி அமைதியாக இருந்ததே கிடையாது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தது கேட்டது. காஜாக்கா கையிலிருந்த காஜாவின் கடைசி முடிச்சை இழுத்தாள். நூல் துணிக்குள் போகிற சத்தம் சன்னமாகக் கேட்டது. இத்தனை வருடமும் அவள் ஊசிக்கும் சத்தம் இருந்திருக்கிறது. அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

வாக்குப்பெட்டி அட்டைப்பெட்டிதான். மறைப்புக்குக் கோட்டுத் துணியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். உறுப்பினர் எண் வாரியாகக் கூப்பிட்டார்கள். எண் நாலு என்றார் அதிகாரி. நாலாம் மிஷின்காரி பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள். காஜாக்காவும், யாரந்த நாலு என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார்தான் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

"அண்ணி, நாலு நீங்கதான். போங்க."

அவள் போனாள். துணிக்குப் பின்னால் ரொம்ப நேரம் இருந்தாள். ஓட்டுச் சீட்டை மடித்துப் பெட்டியில் போடும்போது, பெட்டியின் வாயை விரலால் தடவிப் பார்த்தாளாம். வெட்டு கோணல், ஓரம் கட்டவில்லை என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

இருபத்தொரு ஓட்டில் அவளுக்கு இருபது. அந்த ஒன்று யார் என்று நாத்தனார் கூடத்தையே சல்லடை போட்டுச் சலித்தாள். கடைசியில் காஜாக்காவே ஒப்புக்கொண்டாள். தன் பெயருக்குத் தானே குறி போட வெட்கமாக இருந்ததாம். வீட்டுக்காரர் அன்றைக்கு மருத்துவமனையில் ஏறி இறங்கிய அத்தனை பேரிடமும், கூட்டுறவுச் சங்க இயக்குநரின் கணவர் இயக்குகிற லிஃப்ட் இது என்று சொல்லியிருக்கிறார். இருபது வருட ஜோக்கை அன்றோடு விட்டுவிட்டார். அதற்கே ஒரு சட்டத்திருத்தம் வேண்டியிருந்தது பாருங்கள்.

புதிய குழுவில் ஐந்து பேர். பெண்களுக்கு இரண்டு இடம் கட்டாயம் என்றது சட்டம். இவர்கள் நாலு இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் இஸ்திரிக்காரர். ஆண்களுக்கும் ஓர் இடம் இருக்கட்டும் என்று பெரிய மனது பண்ணினார்களாம். தலைவர் யார் என்கிறீர்களா? வேறு யார், பதின்மூன்றாம் நம்பர்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே!

முதல் பொதுக்கூட்டம் அடுத்த மாதம். மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. காஜாக்காவின் மேசையில் அவளுக்குப் பக்கத்தில் பழைய தலைவர் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். பதினொரு நாளில் முப்பத்தாறு பட்டனும் விரலில் ஒன்பது குத்தும் தேறியிருந்தன. இருநூறு கோட்டு முடிந்தால் அவருக்கும் ஓட்டு. செயலாளர் நடுவில் வந்து முதல் தீர்மானத்தைப் படித்தார். பழைய நினைவில், ஆட்சேபணை உள்ளவர்கள் மிஷினை என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். பதின்மூன்றாம் நம்பர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இனிமேல் வாயாலேயே சொல்லலாம், ஆட்சேபணை உண்டா என்று கேட்டாள்.

காஜாக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

"இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். இந்தத் தீர்மானத்துக்கா என்று கேட்டாள் பதின்மூன்று. இதற்கு இல்லை என்றாள் காஜாக்கா.

"இது நல்ல தீர்மானம்தான். பழசு நிறைய இருக்கு, பதினேழு வருஷத்துது. ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு. வரிசையா சொல்லட்டுமா?"

பதின்மூன்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எல்லோருக்கும் டீ சொல்லிவிடுங்கள், நேரமாகும் என்று செயலாளரிடம் சொன்னாள். பழைய தலைவர் பக்கத்திலிருந்து நூலும் ஊசியுமாகக் கையை நீட்டினார். முதலில் எனக்கு இதைக் கோத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லும்மா என்றார். காஜாக்கா நூலை நாக்கில் தொட்டு, ஒரே தடவையில் கோத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு எழுந்து நின்று, முதல் ஆட்சேபணை அந்த ரெண்டு விசிறியைப் பற்றி என்று ஆரம்பித்தாள்.